மூளைக்கென்று தனி ரெனின் உண்டா? அப்பாவின் மாத்திரையை மாற்றச் சொல்லலாமா?

மாத்திரைப்பெட்டி:

அப்பாவுக்கு 71 வயது. ரத்த அழுத்தத்துக்குப் பத்து ஆண்டுகளாக ஓல்மெசார்டான் சாப்பிடுகிறார். வீட்டுக் கருவியில் ஒரு நாள் 128 காட்டுகிறது, இன்னொரு நாள் 156. கருவி பழையது, அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. என் கவலை வேறு. ஆறு மாதமாகப் பெயர்கள் அவர் வாயில் வர மறுக்கின்றன. போன வாரம் என் தங்கையை அத்தையின் பெயரால் மூன்று முறை அழைத்தார். மூன்றாவது முறை அவருக்கே உறைத்துவிட்டது. பேச்சை மாற்றிக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

சித்தப்பா மகன் ஒரு கட்டுரை அனுப்பியிருக்கிறான். ரத்த அழுத்தத்தை ஏற்றும் ரெனின்-ஆஞ்சியோடென்சின் அமைப்பு மூளைக்குள்ளேயே ஒன்று தனியாக இருக்கிறதாம். அங்கே போய் வேலை செய்யும் டெல்மிசார்டான், காண்டெசார்டான் போன்றவை நினைவாற்றலைக் காக்குமாம். ஓல்மெசார்டான் வாசலிலேயே நின்றுவிடுமாம். இது உண்மையா? உண்மையென்றால் மருத்துவரிடம் மாத்திரையை மாற்றச் சொல்லிக் கேட்கலாமா?

நீள்மூளை:

தம்பி, உடலியங்கியல் வகுப்பில் 30 ஆண்டுகள் இதைத்தான் சொல்லிக்கொடுத்தேன். முதலில் சங்கிலியைச் சொல்லிவிடுகிறேன். கல்லீரல் ஆஞ்சியோடென்சினோஜன் என்ற புரதத்தை ரத்தத்தில் விடுகிறது. சிறுநீரகம் விடும் ரெனின் அதன் நுனியிலிருந்து பத்து அமினோ அமிலத் துண்டு ஒன்றை நறுக்குகிறது. அது ஆஞ்சியோடென்சின் 1. தானாகப் பெரிதாக எதுவும் செய்யாது. ஏ.சி.இ. என்ற நொதி அதில் இரண்டை வெட்டினால் எட்டு மிஞ்சும். அந்த எட்டுதான் ஆஞ்சியோடென்சின் 2, ரத்தக்குழாயை இறுக்குகிற ஆள். "பிரில்" என்று முடியும் மாத்திரைகள் ஏ.சி.இ.யைத் தடுக்கின்றன. "சார்டான்" என்று முடிபவை ஆஞ்சியோடென்சின் 2 போய் உட்காரும் ஏ.டி.1 ஏற்பியை அடைக்கின்றன.

1898-இல் டைகர்ஸ்டெட், பெர்க்மன் இருவரும் முயலின் சிறுநீரகச் சாற்றை இன்னொரு முயலுக்கு ஏற்றி அழுத்தம் ஏறுவதைப் பார்த்தார்கள். ரெனின் என்ற பெயர் அங்கே பிறந்தது. அடுத்த அறுபது ஆண்டுகள் இதெல்லாம் சிறுநீரகத்தின் கதை என்றே எல்லாரும் நினைத்தார்கள்.

1961-இல் பிக்கர்ட்டன், பக்லி இருவரும் செய்த சோதனையை நான் வகுப்பில் சொல்லும்போது பின்பெஞ்சுகூட நிமிர்ந்து உட்காரும். ஒரு நாயின் தலைக்கு இன்னொரு நாயின் ரத்தம் ஓடுகிறது. முதல் நாயின் தலைக்கும் உடலுக்கும் இடையே ரத்தப் போக்குவரத்து கிடையாது, நரம்புத் தொடர்பு மட்டும் உண்டு. தலைக்குப் போகும் ரத்தத்தில் ஆஞ்சியோடென்சினைக் கலந்தார்கள். மருந்து ஒரு துளியும் போய்ச்சேராத உடலில் அழுத்தம் ஏறியது. நரம்பு வழியாகப் போன கட்டளை அது. அதைக் கொடுத்தது மூளை.

1970-இல் எப்ஸ்டைன், ஃபிட்ஸ்சைமன்ஸ், ரோல்ஸ் மூவரும் எலியின் மூளையில் ஆஞ்சியோடென்சினை நேராகச் செலுத்தினார்கள். வயிறு நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு ஓய்ந்திருந்த எலி, எழுந்து போய் மறுபடியும் குடித்தது.

சந்தேகப்பிராணி:

ஐயா, இரண்டு கதைகளும் சுவையானவை. ஆனால் இரண்டுமே மூளைக்கு ஆஞ்சியோடென்சின் "தெரியும்" என்றுதான் காட்டுகின்றன. மூளை அதைத் தயாரிக்கிறது என்று காட்டவில்லை. எங்கள் வீட்டுக் குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது. அதை வைத்து எங்கள் வீட்டில் கிணறு இருக்கிறது என்று சொல்ல முடியுமா?

நீள்மூளை:

சரியான இடத்தில் பிடித்தீர்கள். கிணற்றுக்கான ஆதாரம் 1971-இல் வந்தது. காண்டென் குழுவினர் நாயின் மூளைத் திசுவில் ரெனின் போன்ற செயல்பாட்டைக் கண்டார்கள். சிறுநீரகங்களை எடுத்துவிட்ட பிறகும் அது இருந்தது. பிறகு மூளையில் நரம்பு செல்களுக்குத் துணைநிற்கும் ஆஸ்ட்ரோசைட் செல்கள் ஆஞ்சியோடென்சினோஜனை உண்டாக்குகின்றன என்பதும் தெரிந்தது. ஏ.சி.இ. இருக்கிறது, ஏற்பிகள் இருக்கின்றன. கச்சாப்பொருள், கத்தி, பூட்டு எல்லாம் ஒரே வீட்டில்.

குடுவை:

முதல் கத்தியான ரெனினில்தான் சிக்கல், ஐயா. அன்று அளந்த அந்த "ரெனின் போன்ற" செயல்பாட்டில் பெரும்பகுதி கெதெப்சின் டி என்ற வேறொரு நொதியின் வேலை என்று எழுபதுகளிலேயே சொல்லிவிட்டார்கள். அது எந்தச் செல்லிலும் இருக்கும் குப்பை அரைக்கும் நொதி. அமிலச் சூழலில் ஆஞ்சியோடென்சினோஜனையும் கடித்துவைக்கும்.

இரண்டாவது சிக்கலை நான் கையால் பார்த்தவள். பல ஆண்டுகள் சுண்டெலி மூளையோடுதான் என் பகல்கள் போயின. மூளையை அப்படியே எடுத்து அரைத்தால் அதில் இருப்பது மூளை மட்டும் இல்லை, நுண்குழாய்களில் தேங்கிய ரத்தமும்தான். அதை வெளியேற்ற, ஆழ்ந்த மயக்கத்தில் இருக்கும் எலியின் மார்பைத் திறந்து, இடது கீழறையில் மொட்டை ஊசியைச் செருகி, வலது மேலறையில் ஒரு வெட்டுப் போட்டு, உப்புக்கரைசலை ஓடவிடுவோம். முதலில் ஈரலைப் பார்க்க வேண்டும். கருஞ்சிவப்பு போய்க் களிமண் நிறத்துக்கு வந்தால் கழுவல் சரியாகப் போகிறது என்று அர்த்தம். பிறகு மண்டையைத் திறந்தால் மூளை இளஞ்சிவப்பாக இல்லாமல் தந்தம் போல வெளிறியிருக்கும். ஊசி கொஞ்சம் நழுவினாலும் பாதி மூளை சிவந்தே கிடக்கும். அன்றைய வேலை அவ்வளவுதான்.

2017-இல் ரோட்டர்டாமில் டான்சர் குழுவினர் இதைத்தான் செய்தார்கள். கழுவுவதற்கு முன்பும் பின்பும் மூளையின் வெவ்வேறு பகுதிகளில் ரெனினை அளந்தார்கள். ரெனின் தடுப்பானையும் சேர்த்து, மற்ற நொதிகளின் வேலையைக் கழித்துவிட்டார்கள். கழுவியதும் எல்லாப் பகுதியிலும் 60 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. ஒரு கிராம் மூளையில் இருந்த ரெனின், 1 முதல் 20 மைக்ரோலிட்டர் பிளாஸ்மாவில், அதாவது ரத்தத்தில் செல்களைக் கழித்த நீர்ப்பகுதியில், இருக்கும் அளவுதான். ஒரு கிராம் மூளையில் 30 மைக்ரோலிட்டர் ரத்தம் தேங்குகிறது என்று வைத்துக்கொண்டாலே பிளாஸ்மா 16, 17 வந்துவிடும். கணக்கு அங்கேயே முடிந்துவிடுகிறது. ரத்தத்தில் ரெனினைக் குறைத்தபோது மூளையிலும் சேர்ந்தே குறைந்தது. மூளையில் கிடைத்த ஆஞ்சியோடென்சின் 2-உம் ரத்தத்திலிருந்து ஏ.டி.1 ஏற்பி பிடித்துவைத்த சரக்குதான் என்று முடித்தார்கள்.

சந்தேகப்பிராணி:

கிணறு இல்லை. குழாய்தான்.

நீள்மூளை:

அவசரப்படாதீர்கள். 1999-இல் ஓர் எலி வகையை உருவாக்கினார்கள். ஆஸ்ட்ரோசைட்டில் மட்டும் ஆஞ்சியோடென்சினோஜன் உற்பத்தியை முடக்கும் எதிர்-ஆர்.என்.ஏ. புகுத்தப்பட்ட எலி. மூளையில் அந்தப் புரதம் 90 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. கல்லீரல் வழக்கம்போல் வேலை செய்தது. அந்த எலிகளுக்கு ரத்த அழுத்தம் இறங்கியது, சிறுநீரில் நீர் வீணாகாமல் காக்கும் வாசோபிரசின் ஹார்மோன் குறைந்து சிறுநீர் நீர்த்துப்போனது. மூளை தயாரிக்கும் ஆஞ்சியோடென்சினோஜனுக்கு வேலையே இல்லையென்றால் அந்த எலி ஏன் அப்படிச் சிறுநீர் கழித்தது? குடுவை அம்மா பதில் சொல்லட்டும்.

குடுவை:

நல்ல அடி. அந்த எலியை நானும் ஒதுக்கிவிட மாட்டேன். ஆனால் கச்சாப்பொருள் அங்கே தேவைப்படுகிறது என்பது வேறு, அதை வெட்டும் ரெனின் அங்கேயே பிறக்கிறது என்பது வேறு. ரெனின் மரபணுவை நீக்கிய சுண்டெலியின் மூளையில் ரெனின் செயல்பாடு சுத்தமாக இல்லை. அதாவது ரோட்டர்டாமில் அளந்தது ரெனினைத்தான், கெதெப்சினை இல்லை.

இரவுப்பணி:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். இழையைத் தொடங்கியவரிடம் ஒரு கேள்வி. 128-உம் 156-உம் கருவியின் கோளாறு என்று எப்படி முடிவுசெய்தீர்கள்? மாத்திரை அட்டையை எண்ணிப் பார்த்தீர்களா?

மருந்தகத்தான்:

மூத்தவர்கள் இருவரும் பிறப்புச் சான்றிதழைப் பற்றிச் சண்டை போடுகிறார்கள். மாத்திரையின் கதைக்கு அது அவ்வளவு முக்கியமில்லை என்பது என் கட்சி. ஆஞ்சியோடென்சின் உள்ளே பிறந்தாலும் வெளியே இருந்து வந்தாலும், அது உட்காரும் ஏ.டி.1 ஏற்பி மூளையில் இருக்கிறது. அதில் யாருக்கும் சந்தேகமில்லை. அந்த ஏற்பியை மருந்து எட்டுகிறதா என்பதுதான் கேள்வி.

ரத்தத்தில் வரும் பல பொருள்களை மூளைக்குள் விடாத சுவர் ஒன்று உண்டு, ரத்த-மூளைத் தடுப்பு என்று பெயர். மூளையில் சில இடங்களுக்கு அது கிடையாது. மூளைக்குள் நீர் நிறைந்த அறைகள் உண்டு. மூன்றாம் அறையின் கூரையில் தொங்கும் சப்ஃபோர்னிக்கல் உறுப்பு, நான்காம் அறையின் தரையில் ஏரியா போஸ்ட்ரீமா. தாகமும் வாந்தியும் உப்பும் அங்கேதான் மோப்பம் பிடிக்கப்படுகின்றன. அங்கே ஏ.டி.1 ஏற்பி மண்டிக்கிடக்கிறது. ஓல்மெசார்டான் உட்பட எந்த சார்டானும் அங்கே போகலாம். ஆக "வாசலிலேயே நின்றுவிடும்" என்பது பாதி உண்மை. வாசல் திண்ணையும் மூளைதான்.

தடுப்புக்கு அப்பால் உள்ளதற்குத்தான் பட்டியல் போடுகிறார்கள். கடப்பவை என்று கேப்டோபிரில், பெரிண்டோபிரில், ரேமிபிரில், டெல்மிசார்டான், காண்டெசார்டான். கடக்காதவை என்று எனலாபிரில், ஓல்மெசார்டான். இந்தப் பட்டியல்கள் கல்வெட்டு இல்லை. பெரும்பாலும் விலங்குச் சோதனையையும், மருந்து கொழுப்பில் எவ்வளவு கரையும் என்பதையும் வைத்துப் போட்டவை. லிசினோபிரில் தண்ணீரில் கரைந்து கொழுப்பைக் கண்டால் ஓடும் மூலக்கூறு. அதைக்கூடப் பல ஆய்வுகளில் "கடப்பவை" வரிசையில் உட்காரவைத்திருக்கிறார்கள். பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பல் கூசும்.

அரைத்தலை:

எனக்கு ரத்த அழுத்தம் இல்லை. ஒற்றைத் தலைவலிக்காகக் காண்டெசார்டான் எழுதிக்கொடுத்தார்கள். மாதத்தில் எட்டு நாள் இருண்ட அறையில் கிடந்தவள், இப்போது மூன்று நாள். அப்படியானால் அது மூளைக்குள் போகிறது என்றுதானே அர்த்தம்?

மருந்தகத்தான்:

உங்களுக்குப் பலித்ததில் மகிழ்ச்சி. 2003-இல் நார்வேயில் 60 பேருக்கு 16 மி.கி. கொடுத்துப் பார்த்தார்கள். ஒவ்வொருவருக்கும் 12 வாரம் மருந்து, 12 வாரம் மருந்துப்போலி. தலைவலி நாட்கள் குறைந்தன. ஆனால் இது "மூளைக்குள் போகிறது" என்பதற்குச் சாட்சி ஆகாது. ஒற்றைத் தலைவலியில் மூளை உறையின் ரத்தக்குழாய்களுக்கும் பங்கு உண்டு. அவை தடுப்புக்கு வெளியே இருக்கின்றன.

மாத்திரைப்பெட்டி:

எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தேன். கெதெப்சின் வரை புரிந்தது. மனிதர்களில் நினைவாற்றலுக்கு ஏதாவது பார்த்திருக்கிறார்களா? எலிக்குத் தாகம் எடுத்ததை வைத்து அப்பாவுக்கு மாத்திரை மாற்ற எனக்குத் தைரியம் இல்லை.

மருந்தகத்தான்:

பார்த்திருக்கிறார்கள். உங்கள் சித்தப்பா மகன் அனுப்பிய கட்டுரையின் வேர் அநேகமாக 2021-இல் வந்த தொகுப்பாய்வு. 14 தொடர் ஆய்வுகள், 12,849 பேர். தடுப்பைக் கடக்கும் மருந்து சாப்பிட்டவர்கள், கடக்காததைச் சாப்பிட்டவர்களைவிட மூன்று ஆண்டு வரையில் சொற்களை நினைவுகூர்வதில் கொஞ்சம் முன்னே இருந்தார்கள். ஆனால் யாருக்கு எந்த மாத்திரை என்று அங்கே யாரும் குலுக்கிப் போடவில்லை. அவரவர் மருத்துவர் எழுதியதைச் சாப்பிட்டவர்களைப் பின்தொடர்ந்து பார்த்தது அது. மருத்துவர் ஒருவருக்கு ஒன்றைத் தேர்ந்தெடுக்க ஆயிரம் காரணம் இருக்கும்.

குலுக்கிப் போட்டவற்றின் கதை வேறு. 2003-இல் ஸ்கோப் ஆய்வு. 70 முதல் 89 வயது வரை ஏறத்தாழ 5,000 பேர், காண்டெசார்டான். அறிவுத்திறனில் சொல்லும்படியான வித்தியாசம் வரவில்லை. அல்ஸைமர் இருப்பவர்களுக்கு லோசார்டான் ஓராண்டு கொடுத்த ராடார் ஆய்வு 2021-இல் வெளியானது. 211 பேர். மூளை சுருங்கும் வேகம் குறையவில்லை.

நம்பிக்கை தரும் ஒன்று 2020-இல் வந்தது. லேசான அறிவுத்திறன் குறைவு உள்ள 176 பேரிடம் காண்டெசார்டானையும் லிசினோபிரிலையும் ஓராண்டு மோதவிட்டார்கள். எண்ணையும் எழுத்தையும் மாறிமாறிக் கோடிட்டு இணைக்கும் சோதனை ஒன்று உண்டு. அதில் காண்டெசார்டான் குழு முந்தியது. இதைப் படித்ததும் "பார், மூளைக்குள் போகும் மருந்து வென்றது" என்று துள்ளினார்கள். நான் மேலே சொன்ன பட்டியலை எடுத்துப் பாருங்கள். தோற்ற லிசினோபிரிலும் "கடப்பவை" வரிசையில்தான் இருக்கிறது! ஒன்று பட்டியல் தப்பு, அல்லது வெற்றிக்குக் காரணம் கடப்பது இல்லை.

நீள்மூளை:

மூன்றாவது வழியும் உண்டு. ஏ.சி.இ. தடுப்பானும் சார்டானும் ஒரே வேலை செய்பவை இல்லை. சார்டான் ஏ.டி.1-ஐ மட்டும் அடைக்கிறது. மிஞ்சும் ஆஞ்சியோடென்சின் 2 போய் ஏ.டி.2-வில் உட்காரும். அது பல இடங்களில் எதிர்த்திசையில் இழுக்கும் ஏற்பி. ஏ.சி.இ.யைத் தடுத்தால் அந்த உபரியும் கிடைக்காது. போதாததற்கு, அல்ஸைமரில் படியும் பீட்டா அமிலாய்டை ஏ.சி.இ. நொதியே அறுக்கக்கூடியது என்று சோதனைக் குழாயில் கண்டிருக்கிறார்கள். அதைத் தடுப்பது நல்லதா என்ற கவலை அங்கிருந்து வந்தது.

சந்தேகப்பிராணி:

சரி, மூளையின் இந்த அமைப்பை மட்டும் குறிவைத்து யாரும் மருந்து செய்யவில்லையா? அது வேலை செய்திருந்தால் சண்டை தீர்ந்திருக்குமே.

மருந்தகத்தான்:

செய்தார்கள். அது எனக்கு மிகவும் பிடித்த மூலக்கூறு, அதனால் கொஞ்சம் நீட்டுவேன். மூளையில் ரத்த அழுத்தத்தை ஏற்றுவது ஆஞ்சியோடென்சின் 2 இல்லை, அதிலிருந்து இன்னும் ஒரு அமினோ அமிலத்தைக் கழித்த ஆஞ்சியோடென்சின் 3 என்று பிரான்ஸில் லொரன்ஸ்-கோர்டெஸ் குழு வாதிட்டது. கழிக்கும் கத்தி அமினோபெப்டிடேஸ் ஏ. அதைத் தடுக்கும் பொருள் கையில் இருந்தது, ஆனால் தடுப்பைத் தாண்டாது. என்ன செய்தார்கள்? அந்த மூலக்கூறு இரண்டை முதுகோடு முதுகு கந்தகப் பிணைப்பால் ஒட்டினார்கள். ஒட்டிய இரட்டை உள்ளே போகும். போனதும் மூளையின் நொதிகள் கந்தகப் பிணைப்பை அறுக்க, இரண்டு ஆட்கள் உள்ளே இறங்குவார்கள். ஃபிரிபாஸ்டாட் என்று பெயர். எலிகளில் அருமையாக வேலை செய்தது.

2019-இல் வெளிவந்த மனித ஆய்வில் எடை கூடிய அல்லது உடல்பருமன் உள்ள 256 பேருக்கு எட்டு வாரத்தில் மேல் அழுத்தம் 9.5 மி.மீ. இறங்கியது. எல்லாரும் கைதட்டினார்கள். ஆனால் அந்த ஆய்வில் மருந்துப்போலிக் குழு இல்லை. அடுத்து, பல மருந்துக்கும் மசியாத ரத்த அழுத்தம் உள்ளவர்களிடம் மருந்துப்போலியோடு ஒப்பிட்டார்கள். 2022-இல் முடிவு வந்தது. 12 வாரத்தில் மருந்துக் குழுவில் ஏறத்தாழ 8 மி.மீ. இறங்கியது. மருந்துப்போலிக் குழுவிலும் ஏறத்தாழ 8. கதை முடிந்தது. அன்று நான் சரியாகச் சாப்பிடவில்லை என்றால் சிரிப்பீர்கள்.

குடுவை:

சிரிக்கவில்லை. கந்தகப் பிணைப்பை நானும் ரசித்தவள்தான். ஆனால் என் கட்சிக்கு அது சாதகம் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நீள்மூளை:

ஆகாது. சோதித்தது ஒரே ஒரு நொதி, ஒரே ஓர் அளவு. மனித மூளையில் எவ்வளவு மருந்து இறங்கியது என்று யாரும் திறந்து பார்க்கவில்லை.

இரவுப்பணி:

மாத்திரைப்பெட்டி அவர்களே, என் கேள்வி அப்படியே நிற்கிறது.

மாத்திரைப்பெட்டி:

மன்னிக்க வேண்டும் ஐயா, நேற்றுதான் எண்ணினேன். வாங்கிய தேதியைக் கணக்கிட்டால் அட்டையில் நான்கு மாத்திரை மிஞ்சியிருக்க வேண்டும். பதினைந்து இருந்தன. அப்பாவிடம் கேட்டேன். "தினமும் சாப்பிடுகிறேனே" என்றார், கொஞ்சம் கோபமாக. அவர் பொய் சொல்லவில்லை. சாப்பிட்டதாகத்தான் அவருக்கு நினைவு.

இன்று மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்தோம். கட்டுரையைக் காட்டினேன். படித்தார், டெல்மிசார்டானுக்கு மாற்றுவதில் தனக்கு ஆட்சேபம் இல்லை, ஆனால் நினைவாற்றலுக்காக என்று எழுதமாட்டேன் என்றார். முதலில் இருக்கும் மாத்திரை தினமும் உள்ளே போகட்டும் என்றார். படுத்தும் நின்றும் அழுத்தம் பார்த்தார். பொட்டாசியம், கிரியேட்டினின், தைராய்டு, பி12 எழுதிக்கொடுத்தார். காது சோதனையும். நினைவாற்றலுக்கான ஒரு தாள் சோதனையை அடுத்த முறை நிதானமாகச் செய்யலாம் என்றார். வரும்போது கிழமை எழுதிய ஏழு அறைப் பெட்டி ஒன்று வாங்கினோம். அப்பா அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உன் அம்மா இருந்தவரை இது தேவைப்படவில்லை" என்றார்.

இரவுப்பணி:

ஒன்று மட்டும். இனி மாத்திரை ஒரு நாளும் தவறாமல் உள்ளே போகும். பாதி நாள் போனபோது பழகிய உடம்பு அது. முதல் இரண்டு வாரம் எழும்போது தலைசுற்றுகிறதா என்று கேளுங்கள், நின்றபடி அழுத்தத்தை எழுதிவையுங்கள். 110-க்குக் கீழே போனால் மருத்துவரிடம் சொல்லுங்கள். கருவியைத் திட்டாதீர்கள், அது சரியாகத்தான் சொல்லியிருக்கிறது.

அரைத்தலை:

உங்கள் அப்பாவிடம் என் அன்பைச் சொல்லுங்கள்.

நீள்மூளை:

குடுவை அம்மா, விட்ட இடத்துக்கு வருகிறேன். ரோட்டர்டாமில் மூளைத்தண்டு, தாலமஸ் என்று பெரிய பெரிய துண்டுகளாக வெட்டி அரைத்தார்கள். ரெனின் உண்டாக்குவது ஏதோ நூறு செல்கள்தான் என்றால்? ஊர் முழுக்க மண்ணை அள்ளிக் கலக்கிவிட்டு நடுவில் இருக்கும் ஒரு கிணற்றைக் காணவில்லை என்பது போல ஆகிவிடாதா? சப்ஃபோர்னிக்கல் உறுப்பை மட்டும் தனியாக எடுத்து, கழுவி, அளந்து காட்டட்டும். ஒப்புக்கொள்கிறேன்.

குடுவை:

சுண்டெலியில் அந்த உறுப்பு கடுகில் பாதிகூட இருக்காது, ஐயா. அளக்கும் அளவுக்குச் சேர்க்க எத்தனை எலி வேண்டும் என்று கணக்குப் போட்டீர்களா?

நீள்மூளை:

போட்டேன் அம்மா. அதற்குப் பிறகுதான் ஓய்வு பெற்றேன்.